சும்மா கிடந்த மெமரி

எங்கள் யார்டில் வேலை நேரத்தில் சும்மா இருக்கும் உரிமை இரண்டே இரண்டுக்குத்தான் இருந்தது. ஒன்று, கேட் கம்ப்யூட்டரின் மெமரியில் ஒரு துண்டு. இன்னொன்று, நான். என் உரிமையை நானே எடுத்துக்கொண்டேன். மெமரிக்கு அந்த உரிமையை வாங்கிக் கொடுத்து, கடைசிவரை காவல் இருந்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் இருந்தது அந்த கன்டெய்னர் யார்டு. கப்பலுக்குப் போகும் பெட்டிகள் லாரியில் வரும். எடை பார்த்து, சீல் நம்பர் குறித்து, கேட் பாஸ் வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும். நான் ஆவணப் பிரிவு சூப்பர்வைசர். மூன்று பிரதி போதும் என்கிற இடத்தில் நான்கு பிரதி கேட்பதற்குச் சம்பளம் வாங்கியவன். அந்தப் பெண்மணி யார்டின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். காசிமேட்டில் பிறந்து கல்மண்டபத்தில் குடியிருந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். லாரி டிரைவர்களுக்கு அவர் ‘சிஸ்டம் அக்கா’. எனக்கு ‘மேடம்’. அவர் என்னை ‘சாரே’ என்பார். அந்த ‘சாரே’யில் மரியாதை எத்தனை பங்கு, நக்கல் எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்க்க நான் ஒருநாளும் துணிந்ததில்லை. சில கணக்குகளைப் பார்க்காமல் இருப்பதே நிம்மதி.

அவரோடு நான் வேலை பார்த்த கடைசி வருஷம், அவருடைய வேலை என் கையில் இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. மேனேஜர் என்னிடம் ஓர் அறிக்கை கேட்டிருந்தார். யார்டில் எதெல்லாம் சும்மா கிடக்கிறது, யாரெல்லாம் சும்மா இருக்கிறார்கள் என்று பட்டியல் போட வேண்டும். இந்த வேலையை என்னிடம் கொடுத்ததிலிருந்தே மேனேஜரின் கூர்மை விளங்கும். கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் கிண்டியில் இருந்த ஒரு கம்பெனிக்கு விட்டுவிடலாமா என்பதுதான் உள்ளே இருந்த யோசனை. என் அறிக்கை ‘விடலாம்’ என்று சொன்னால் மேடம் வேலை இழந்து கல்மண்டபத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நான் ‘விடலாம்’ என்றுதான் எழுத ஆரம்பித்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது என்பதால் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன்.

எங்கள் பக்கத்துக் காற்றில் காற்றைத் தவிர எல்லாம் உண்டு. நிலக்கரித் தூள் உண்டு, சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையின் தூள் உண்டு, கடல் உப்பு உண்டு. காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் மாலையில் வேறு கட்சியில் சேர்ந்துவிட்டோமோ என்று தோன்றும். இந்தக் காற்றில் கேட்டில் வைத்த கம்ப்யூட்டர்களின் டிஸ்க் ஒன்றும் ஒரு கோடையைத் தாண்டவில்லை. மூன்றாவது டிஸ்க் செத்த அன்று அவர் எல்லா டிஸ்கையும் கழற்றினார். யார்டின் பின்பக்கக் கட்டடத்தில், ஏசி போட்டு அடைத்த ஓர் அறையில், ஒரே ஒரு பெரிய ஸ்டோரேஜ் பெட்டியை வைத்தார். அங்கிருந்து கேட்டுக்கு ஒரு கேபிள் இழுத்தார். அன்றிலிருந்து கேட் கம்ப்யூட்டர் பீரோ இல்லாத வீடு. எதை எடுத்து வைக்க வேண்டுமானாலும் கேபிள் வழியாகப் பின்கட்டடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எனக்கு அது விளங்க நான்கு வருஷம் ஆனது, உங்களுக்கு நான்கு வரியில் சொல்லிவிடுகிறேன். மெமரி என்பது கம்ப்யூட்டரின் மேஜை. மேஜை நிரம்பினால், உடனே தேவைப்படாததை மூட்டை கட்டிப் பின்கட்டடத்துக்கு அனுப்பிவிட்டு இடம் பண்ணிக்கொள்ளும். ஆனால் மூட்டை கட்டவே மேஜையில் கொஞ்சம் இடம் வேண்டும். ‘வந்து சேர்ந்தது’ என்று அங்கிருந்து வரும் பதிலை வாங்கி வைக்கவும் கொஞ்சம் இடம் வேண்டும். பதில் வராமல் தன்னிடம் இருப்பதை அது அழிக்காது. ஆக, மேஜை முழுக்க நிரம்பிவிட்டால், இடம் பண்ணுவதற்கும் இடம் இல்லாமல், கம்ப்யூட்டர் அப்படியே சிலையாகிவிடும்.

அதனால் அவர் மேஜையின் ஓரத்தில் ஒரு துண்டை ஒதுக்கி வைத்திருந்தார். எந்த வேலைக்கும் அதைத் தரமாட்டார். மூட்டை கட்டி அனுப்பும் வேலைக்கு மட்டும் தருவார். கேட்டால் ஒரே பதில்தான்.

“காலி பண்றவனுக்குத்தான் காலி எடம். மீதி பேரெல்லாம் அப்பால.”

இது கம்ப்யூட்டருக்கு மட்டும் உள்ள சட்டம் என்று நான் நினைத்திருந்தேன். ஒருமுறை அவருக்குச் சிக்குன்குனியா வந்து பத்து நாள் வரவில்லை. பழம் வாங்கிக்கொண்டு கல்மண்டபத்துக்குப் போனேன். சந்துக்குள் ஒற்றை அறை வீடு. கட்டில், பீரோ, தையல் மெஷின், மீன்பிடி வலை மூட்டை, மைத்துனருடைய கேரம் போர்டு, ஐந்து மனிதர்கள். இத்தனைக்கும் நடுவில், ஜன்னலுக்குக் கீழே, ஆறடிக்கு மூன்றடி தரை மட்டும் வெறுமையாக இருந்தது. ஒரு பாய் கூட இல்லை. ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தவன், கடவுள் காட்டிய இடம் என்று அங்கே வைத்தேன்.

கட்டிலில் மூட்டு மூட்டாக வலிக்கப் படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார்.

“அத்த எடு.”

“ரெண்டு நிமிஷம் மேடம்...”

“எடு சாரே. மடியில வெச்சிக்க.”

அவருடைய கணவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “நானே இருவது வருசமா அங்க குந்தினது இல்ல சார். வூட்டுக்காரனே வெளியூர்க்காரன் மாரி சுத்திப் போறேன்.”

“எதற்கு அந்த இடம்?” என்று கேட்டேன்.

“வூட்டப் பெருக்க வோணாவா?” என்றார் மேடம், கண்ணை மூடிக்கொண்டு. “பெருக்கறதுன்னா சாமான எங்க தள்ளுவ? தலையிலயா? ஒரு எடம் காலியா இருந்தாத்தான் ஒவ்வொண்ணா இஸ்து அங்க வெச்சி, இங்க பெருக்கி, மறுபடி இங்க வெச்சி... அது இல்லன்னா இந்த வூடு என்னிக்கும் கலீஜ்தான்.”

அன்று முழுக்க ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, பழம் கொண்டுவந்தவன் போல அல்லாமல், பேருந்தில் குழந்தையோடு இடம் கிடைத்தவன் போல உட்கார்ந்திருந்தேன். என் வீடு இதைவிட நான்கு மடங்கு பெரிது. அதில் காலி இடம் ஒரு சாண் கிடையாது. நான் வாங்கிப் படிக்காத புத்தகங்கள் மட்டுமே ஓர் அறையை வைத்திருக்கின்றன.

யார்டின் போர்வெல் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பக்கெட் இருக்கும். அதையும் அவர்தான் வைத்தார், அது அவர் வேலை இல்லை என்றாலும். மோட்டார் அடிக்கடி காற்று பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கெட் தண்ணீரை மேலிருந்து ஊற்றினால்தான் மறுபடி தண்ணீர் ஏறும். ஒருநாள் மேனேஜர் சேற்றில் கால் வைத்துவிட்டு, நிறைந்திருந்த அந்தப் பக்கெட்டில் நிம்மதியாகக் காலைக் கழுவினார். மேனேஜர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவருக்குத் தண்ணீரைப் பார்த்தால் கால் தானாகவே போகும். மத்தியானம் மோட்டார் நின்றது. ஊற்ற ஒரு சொம்பு தண்ணீர் இல்லை. மறுநாள் காலை தண்ணீர் லாரி வரும்வரை யார்டில் ஒருவருக்கும் முகம் கழுவத் தண்ணீர் இல்லை. நிலக்கரிப் புழுதியில் எல்லோரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்தோம்.

அவர் மேனேஜர் முன்னால் போய் நின்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“ரெண்டு காலு கழுவினீங்க சார். அறுவது மூஞ்சி கழுவல.”

“தண்ணிதானம்மா, சும்மா கெடந்துச்சுல்லா?”

“சும்மா கெடக்கல சார். டூட்டில இருந்துச்சி.”

மேனேஜர் சிரித்துவிட்டார். ஆனால் மறக்கவில்லை. ‘சும்மா கிடப்பவற்றின் பட்டியல்’ என்ற யோசனை அவருக்கு அந்த வாரம்தான் வந்தது என்பது என் ஊகம்.

இப்போது என் வெட்கக் கதை. நான் அந்நாளில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். அவற்றில் நகைச்சுவை இருந்தது என்று சொன்ன ஒரே வாசகர் என் மைத்துனர். அவர் அப்போது என்னிடம் கடன் வாங்கியிருந்தார். ஒரு தீபாவளி மலருக்குக் கட்டுரை அனுப்ப அன்று கடைசி நாள். யார்டில் நெட்வொர்க் தகராறு. மேடம் உட்காரும் ஏசி அறைக் கதவைத் தட்டினேன். தகராறு நேரத்தில் அவர் கதவு திறக்கும் விதமே தனி. ஒரு கையகலம் திறக்கும். ஒரு கண் பார்க்கும். யார், எதற்கு என்று கேட்கும். கையில் இருக்கும் தகராறுக்குச் சம்பந்தம் இருந்தால் முழுக்கத் திறக்கும். இல்லையென்றால் அந்த நொடியே மூடும். கையகலமாவது திறந்தால்தானே யார் என்று தெரியும் என்பது அவர் கட்சி.

“இன்னா சாரே?”

“ஒரு கட்டுரை மேடம். இமெயிலில் அனுப்பணும். அவசரம்.”

“இன்னா கட்டுரை?”

“நகைச்சுவை.”

“சிரிப்புக்கு இன்னா சாரே அவசரம்? அப்பால வா. முக்கியம்னா நீயே திரும்பி வருவ.”

கதவு மூடியது. மூக்கு தப்பியது. நான் திரும்பிப் போகவில்லை. முக்கியமில்லை என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிட்டது. அதுதான் இன்னும் எரிந்தது. அந்தத் தீபாவளி மலர் நான் இல்லாமலே வந்து, நன்றாகவே விற்றது. மேனேஜர் அறிக்கை கேட்டபோது எனக்குள் ஒரு மூடிய கதவு இருந்தது. ‘விடலாம்’ என்ற சொல் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

மூன்று வாரம் உழைத்தேன். கதைக்கும் கட்டுரைக்கும் செய்யாத ஆராய்ச்சியை இதற்குச் செய்தேன். கேட் கம்ப்யூட்டரின் மெமரியில் அவர் ஒதுக்கிய துண்டு எப்போது அளந்தாலும் காலியாகவே இருப்பதைக் கண்டுபிடித்தேன். கொலம்பஸ் கரையைப் பார்த்தபோது இவ்வளவு துள்ளியிருக்க மாட்டார். மேனேஜரிடம் காட்டினேன். அவர் மேடத்தைக் கூப்பிட்டார்.

“இந்த எடத்தை ஏம்மா பூட்டி வச்சிருக்கீய? எல்லாருக்கும் தொறந்து விடுங்க.”

“வோணாம் சார். ஒருநாள் மாட்டிகினு நிக்கும்.”

“எத்தனை வருசமா நிக்கல?”

“அது இருக்கறதாலதான் சார் நிக்கல.”

“நிக்காத ஒண்ணுக்கு எதுக்கு இந்தக் காவல்? ரிப்போர்ட்டு சொல்லுது, சும்மா கெடக்குன்னு.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். ஒரு கையகலம் திறந்த கதவு வழியாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“எழுதிக் குடுங்க, செய்றேன்” என்றார்.

மேனேஜர் எழுதினார். ‘பரிந்துரை’ என்று போட்டு நானும் கீழே கையெழுத்திட்டேன். மேடம் தேதியும் நேரமும் குறித்து, தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஒதுக்கி வைத்த துண்டை ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைத்தார். அது ஒரு திங்கட்கிழமை. கிண்டிக்காரர்கள் அடுத்த திங்கட்கிழமை வருவதாக இருந்தது.

அந்த இடம் எவ்வளவு பயனுள்ளது என்று நிரூபிக்க நான் ஒரு வேலை செய்தேன். என் அறிக்கையையே, அதன் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட அட்டவணைகளோடு, என் மேஜையிலிருந்தபடி கேட் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓடவிட்டேன். செவ்வாய் ஓடியது. புதன் ஓடியது. வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு கேட் கம்ப்யூட்டர் நின்றது.

நின்றது என்றால், அணையவில்லை. திரை எரிந்தது. மூலையில் இருந்த கடிகாரம் 3:10 என்று காட்டியது, காட்டிக்கொண்டே இருந்தது. வெளியே முப்பது லாரி. முதலில் நின்ற லாரியில் இருந்தது வண்ணாரப்பேட்டை பாய் ஒருவருடைய பெட்டி. கைலி வியாபாரி. இருபது வருஷமாக யார் யார் பெயரிலோ சரக்கு அனுப்பியவர், முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு கன்டெய்னர் அனுப்புகிறார். காலையில் எங்கள் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்திருந்தார். ஆறு மணிக்குத் துறைமுகத்தில் கெடு. அதற்குள் பெட்டி உள்ளே போகாவிட்டால் கப்பல் அவருக்காக நிற்காது.

மேடம் வந்தார். ஓடி வரவில்லை, அவர் எதற்கும் ஓடியதில்லை. திரையைப் பார்த்தார்.

“ரீஸ்டார்ட் பண்ணிடுங்களேன் மேடம்” என்றேன்.

“பண்லாம். மத்தியானத்திலர்ந்து வந்த பொட்டிங்களோட எடை, சீல் நம்பரு எல்லாம் இது கையிலதான் கீது. ஒண்ணும் பின்னாடி போய்ச் சேர்ல. ஆஃப் பண்ணா அம்புட்டும் காத்து. மறுபடி ஒவ்வொரு வண்டியா எடை மேடைக்கு இஸ்துகினு போவணும். பாயோட பொட்டி கப்பலுக்குப் போவாது.”

“யாமா, அப்டி சொல்லாதமா” என்றார் பின்னால் நின்ற பாய். “வூட்ல பிரியாணி அரிசி ஊற வெச்சிட்டு வந்துகீறேன்.”

“இருங்க பாய். பெருசா ஒண்ண எடுத்துட்டா மூச்சு வுடும்.”

திரையின் ஓரத்தில் எந்த வேலை எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்ற பட்டியல் எப்போதும் ஓடும். அதுவும் உறைந்து நின்றிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, மற்ற எல்லா வேலைகளையும் சேர்த்தாலும் வராத அளவுக்கு ஒரு பெயர்: ‘உபரி ஃபைனல் ஃபைனல் மூன்று’.

அவர் பெயரைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

“உன்னுதா?”

“என்னுதுதான்.”

“எத்தினி நாளு வேல?”

“மூணு வாரம்.”

“சேவ் பண்ணியா?”

“சேவ் கொடுத்தேன். பாதியில நின்னுடுச்சு.”

“அப்ப பழசும் நாஸ்தி, புதுசும் நாஸ்தி.” அவர் கீபோர்டை என் பக்கம் தள்ளினார். “மூணு கட்டைய ஒண்ணா அமுக்கணும். இது, இது, இது. எது ரொம்ப எடம் புடிச்சிகினு கீதோ அத்தக் கொன்னுடும். அமுக்கு.”

“நீங்களே...”

“நான் அமுக்க மாட்டேன். அந்த ரிப்போர்ட்டு புக்குல இன்னா கீதுன்னு இந்த யார்டுக்கே தெரியும். நான் அமுக்கினா, வேலையக் காப்பாத்திக்க அமுக்கினான்னு நாளைக்குப் பேச்சு வரும். எழுதினவன் அமுக்கட்டும்.”

இந்த இடத்தில் நான் உடனே அமுக்கினேன் என்று எழுத ஆசைதான். அமுக்கவில்லை. மூன்று விரல்களையும் மூன்று கட்டைகளின் மேல் வைத்துக்கொண்டு, ஹார்மோனியத்தில் சுருதி சேர்ப்பவன் போல நின்றேன். மூன்று வாரம். நான்கு அட்டவணை. முன்னுரையில் ஒரு நல்ல உவமை இருந்தது. என் வாழ்க்கையில் கடைசிவரை எழுதி முடிக்கவிருந்த ஒரே நீண்ட படைப்பு அதுதான். வெளியே ஹாரன் அடித்தார்கள்.

“இன்னா தம்பி, பொண்ணு பாக்க வந்தவன் மாரி நிக்கிற?” என்றார் பாய். “புடிச்சிருக்கா இல்லியா, சொல்லு.”

மேடம் கைகட்டி நின்றார். தன் வேலையைப் பறிக்கும் தாள் சாவதற்காகக் காத்திருக்கும் முகத்தில் கொஞ்சமாவது ஆசை தெரிய வேண்டாமா? தேடிப் பார்த்தேன். அந்த முகத்தில் பாயின் பெட்டி மட்டும்தான் இருந்தது.

அமுக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடிகாரம் 3:10-லிருந்து ஒரே தாவலாக 3:31-க்குப் போனது. பின்கட்டடத்துப் பெட்டி இருபது நிமிஷமாக ‘வந்து சேர்ந்தது, வந்து சேர்ந்தது’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் இருந்ததாம். வாங்கி வைக்க இங்கே ஒரு சாண் இடம் இல்லாமல்தான் எல்லாம் நின்றிருக்கிறது. ஒரு பதில் உள்ளே வந்தது. ஒரு மூட்டை காலியானது. அந்த இடத்தில் அடுத்த பதில். கேட்டில் பிரின்டர் கனைத்துக்கொண்டு எழுந்தது. ஐந்தே முக்காலுக்குப் பெட்டி துறைமுகத்துக்குள் போய்விட்டது என்று பாய் போன் செய்தார். எனக்கும் சேர்த்து அரிசி போடச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

மேனேஜர் ஐந்து மணிக்கே வந்திருந்தார். “என்னவே, ரிப்போர்ட்டு?”

“செத்துப்போச்சு சார்.”

“எப்படிவே சாவும்?”

“நான்தான் கொன்னேன்.”

“திங்கக்கிழம காலைல கிண்டிக்காரன் வாரான். அதுக்குள்ள மறுபடி எழுதும். அவளை வைக்கவா, வேண்டாமா, அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்.”

வெள்ளிக்கிழமை காலையில் வெறும் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடம் என் மேஜைக்கு வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. ஒரு பென்டிரைவை வைத்தார்.

“உன் புக்கு. புதன்கிழமை எடுத்த காப்பி. முழுசா கீது.”

“காப்பி இருக்குன்னு நேத்தே சொல்லியிருக்கலாமே மேடம்? நான் அங்க செத்துக்கிட்டிருந்தேன்.”

“காப்பி எடுத்தது தெரியும். நல்லா கீதான்னு தெறந்து பாக்காம கீதுன்னு சொல்ல மாட்டேன். காலைலதான் தெறந்துச்சி.”

“படிச்சீங்களா?”

“இத்தப் படிக்கல. நீதான் போன வாரமே பிரின்ட் எடுத்து, பிரின்டர்லயே வுட்டுட்டுப் போனியே. பொட்டலம் கட்டறவன் வரைக்கும் படிச்சான்.”

காதெல்லாம் சூடானது. பென்டிரைவைத் தொடாமல் கேட்டேன். “உங்களைத் தூக்கச் சொல்லி எழுதியிருக்கேன். காணாமப் போயிடுச்சுன்னு விட்டிருக்கலாமே?”

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை என்று நினைக்கிறேன். “நீ வெச்ச. நான் பாத்துக்கினேன். வெச்சவன் கேட்டா குடுக்கறதுதான வேல?”

கிளம்பினார். கதவு வரை போய்த் திரும்பினார்.

“பன்னெண்டாம் பக்கத்துல ஒரு தப்பு கீது சாரே. நான் இங்க பதினோரு வருசம்னு போட்டுகீற. பதிமூணு. தூக்கறதுன்னா பதிமூணையும் சேத்துத் தூக்கு.”

போய்விட்டார். நான் பென்டிரைவைச் செருகி, பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து, பதினொன்றை அடித்துப் பதிமூன்று என்று போட்டேன். ‘பதிமூன்று வருஷமாக’ என்று ஆரம்பித்த வாக்கியம் ‘இவர் காத்து வரும் இடத்தால் எந்தப் பயனும் இல்லை’ என்று முடிந்தது. அந்த முடிவு இப்போது அங்கே நிற்க மறுத்தது. அதைத் திருத்தினேன். அதைத் திருத்தியதும் அதற்கு முந்தின பத்தி நொண்டியது. அதையும் திருத்தினேன். அட்டவணை ஒன்று சரிந்தது. மற்ற மூன்றும் அதன்மேல் சாய்ந்திருந்தவை. சனிக்கிழமை சாயங்காலம் முன்னுரை போனது. உவமையும் போனது.

திங்கட்கிழமை காலை மேனேஜர் மேஜையில் வைத்த, ‘விட வேண்டாம்’ என்று முடிந்த அறிக்கை ஒரு பக்கம்தான். பழைய அறிக்கையில் தாக்குப்பிடித்து இதுவரை வந்து சேர்ந்தது அந்தப் பதிமூன்று மட்டும். அதுவும் நான் எழுதியதல்ல.